ஓடாத காரில் கரையும் பேட்டரி

பக்கத்து வீட்டு அண்ணனின் கார் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தபோது 9.8 வோல்ட் காட்டியது. ஆறு அறைகள் (செல்கள்) கொண்ட காரீய-அமில பேட்டரி முழுதாக ஏறி, ஓய்ந்திருந்தால் 12.6 முதல் 12.7 வரை காட்டவேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8க்கு இறங்கிவிட்டால் காலி என்றுதான் கணக்கு. 9.8 என்பது அதற்கும் கீழே.

அண்ணன் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாதத்துக்கு மேலாகக் கார் அசையாமல் நின்றிருக்கிறது. "பேட்டரி போயிடுச்சு தம்பி. வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. ஆள வரச்சொல்லிப் புதுசு மாத்திடவா?" என்றார்.

"மாத்தலாம்ணே. ஆனா எது குடிச்சுதுன்னு தெரியாம மாத்துனா, அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப அதுவும் இப்படித்தான் ஆகும். கொஞ்ச நாள் எங்கிட்ட விடுங்க" என்றேன்.

அவருடையது சிவப்பு எண் பலகை போட்ட கார். வார நாட்களில் காலை 7 முதல் இரவு 7 வரை சாலையில் எடுக்க முடியாது. எடுக்கவேண்டுமென்றால் அன்றைக்கென்று தனி உரிமம் வாங்கவேண்டும். அதனால் ஊரில் இருக்கும்போதே அது பெரும்பாலும் நின்றபடிதான் இருக்கும். சனி ஞாயிறில் தேக்காவுக்கு ஒரு நடை, கோயிலுக்கு ஒரு நடை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் இப்படி நிற்கும் கார்கள் நிறைய. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் கால முடக்கக் கட்டுப்பாடுகளால் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது, நின்ற காரிலும் பேட்டரி இறங்கும் என்பது பலருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது.

தனி வீட்டில் இருப்பவர்கள் காரிலேயே சார்ஜரை மாட்டிவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் நமக்கென்று பிளக் பாயிண்ட் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு ஏற்றலாமே என்பார்கள். நிறுத்திய வண்டியில் தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். அது ஒருபுறம் இருக்கட்டும். இந்த அளவுக்கு இறங்கிய பேட்டரியை முழுதாக ஏற்றப் பல மணி நேரம் வேண்டும். எஞ்சினை வைத்து அதைச் செய்வது பெட்ரோலுக்கும் கேடு, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும் கேடு. ஆகவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை காரின் உடம்பில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பேட்டரியின் மேல் 46பி24எல் என்று அச்சடித்திருந்தது. ஜப்பானியக் கணக்கில் 46 என்பது அதன் திறனுக்கான எண், பி என்பது அகல உயர வகை, 24 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது முனைகள் எந்தப் பக்கம் என்பது. 20 மணி நேரத்தில் சீராக இழுத்துத் தீர்க்கும் கணக்கில் அதன் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி. ஓர் ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுத்தால் அது ஓர் ஆம்பியர்-மணி. எடை பதினோரு கிலோவுக்கு மேல். பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்தி வைத்து, அண்ணி சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் ஏற்றி மின்தூக்கியில் கொண்டுவந்தோம். சாய்த்தால் மூடி வழியே அமிலம் கசியும், தொட்டி அதற்காகத்தான்.

சார்ஜ் போடும் இடம் முக்கியம். 1990களின் கடைசிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்ற குண்டுவீச்சுப் புகலிட அறை இருக்கும். பலர் அதைச் சாமான் அறையாக வைத்திருக்கிறார்கள். பேட்டரியை அங்கே வைத்து ஏற்றவே கூடாது. ஏறி முடியும் தறுவாயில் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 விழுக்காட்டைத் தொட்டாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். தடித்த சுவரும் இரும்புக் கதவும் உள்ள அறையில் அந்த வாயு எங்கே போகும்? சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் நான் ஏற்றுவேன். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுவேன்.

தானியங்கி சார்ஜர்கள் பலவும் இவ்வளவு இறங்கிய பேட்டரியைப் பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளாது. சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சிம் லிம் டவரில் வாங்கிய, வோல்ட்டும் ஆம்பியரும் நாமே வைக்கக்கூடிய பவர் சப்ளை ஒன்று என்னிடம் இருக்கிறது. 25 டிகிரிக்கு 14.4 வோல்ட் என்பது வழக்கம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பேட்டரியின் ஒவ்வோர் அறைக்கும் 3 முதல் 4 மில்லிவோல்ட் குறைக்கவேண்டும். நம் ஊர் 31, 32 டிகிரிக்கு 14.25 என்று வைத்தேன். மின்னோட்டத்துக்கு 1 ஆம்பியர் எல்லை.

இணைத்த உடனேயே வோல்ட் 14.25க்கு ஏறிவிட்டது, ஆம்பியரோ 0.15ஐத் தாண்டவில்லை. வெறுமனே காலியான நல்ல பேட்டரி இப்படிச் செய்யாது. கொடுத்த ஆம்பியர் முழுவதையும் வாங்கிக்கொள்ளும், வோல்ட்தான் மெதுவாக ஏறும். இங்கே நேர்மாறு. உள்ளே தடை ஏறிக்கிடக்கிறது, தட்டுகளில் சல்பேட் இறுகிவிட்டது என்று அதிலேயே புரிந்துவிட்டது.

சல்பேட் என்பது நோயின் பெயர் மாதிரி சொல்லப்படுகிறது. அது இல்லாமல் பேட்டரி வேலையே செய்யாது. ஒரு தட்டில் காரீயம், எதிர்த்தட்டில் காரீய டை ஆக்சைடு, நடுவில் நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தட்டிலும் காரீய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். ஏற்றினால் திரும்பிவிடும். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்டே செய்த பேட்டரியிலிருந்து இன்றுவரை இதே வேதியியல்தான். புதிதாகப் படிந்த சல்பேட் பொடிப்பொடியான படிகம், எளிதில் கரையும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து கெட்டிப்படும். பிறகு அவற்றில் ஒரு பகுதி எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. இறங்குவதால் வரும் கேட்டைவிட, இறங்கிய நிலையிலேயே கிடப்பதால் வரும் கேடு பெரிது. காலியான பேட்டரியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

ஓர் இரவு கழிந்தபோது ஆம்பியர் மெல்ல ஏறி எல்லையைத் தொட்டிருந்தது. அது நல்ல அறிகுறி, படிகம் கரைகிறது. எல்லையை 3 ஆம்பியருக்கு உயர்த்தினேன். அது உச்சிக்குப் போய் மறுபடி இறங்கி, 14.25 வோல்ட்டில் 0.3 ஆம்பியருக்கு வந்து அதற்குமேல் இறங்காமல் நின்றபோது அணைத்தேன். ஓர் இரவு ஓயவிட்டு அளந்தால் 12.55. ஏற்றிய சூட்டோடு அளந்தால் 13க்கு மேல்கூடக் காட்டும். அது மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

வோல்ட் நன்றாக வந்தாலும் கொள்ளளவு எவ்வளவு தேறியது என்பது தெரியாது. இதற்கு எனக்குப் பிடித்த சோதனைக் கருவி காரின் பின்விளக்கு பல்ப். 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழைகள் உள்ள பல்ப் இருக்கிறதே, இரண்டையும் சேர்த்து எரியவிட்டால் 26 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2.2 ஆம்பியர். 45 ஆம்பியர்-மணி பேட்டரியின் 20 மணி நேர அளவு 2.25 ஆம்பியர். காசு கொடுத்து வாங்கும் கருவி எதுவும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. புதிய பேட்டரியானால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க சுமார் 20 மணி நேரம் எடுக்கவேண்டும். அண்ணனுடையது பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கியது. மீட்டரில் பார்த்த 2.1 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 26 ஆம்பியர்-மணி. 45இல் 26. மீதி தட்டுகளிலேயே கல்லாகிவிட்டது. சோதனை முடிந்த கையோடு மறுபடி ஏற்றிவிட்டேன்.

காரைக் கிளப்ப இது போதுமா? தாராளமாக. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு, மூன்று விநாடிதான். மூன்று விநாடி என்றே வைத்தாலும் 0.125 ஆம்பியர்-மணி. நம் ஊரில் எண்ணெய் உறையும் குளிரும் கிடையாது. நின்றிருக்கும் கார் வெறும் 30 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய ஆறு முறை கிளப்பும் செலவு. கிளப்புவதால்தான் பேட்டரி தேய்கிறது என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

இனி, குடித்தது எது? நிற்கும் பேட்டரிக்கு இரண்டு இழப்புகள் உண்டு: பேட்டரி தனக்குள்ளேயே இழப்பது ஒன்று, கார் இழுப்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

உள்ளிழப்பை முதலில் பார்த்தேன். எந்த வயரும் மாட்டாமல் வைத்தாலும் தட்டுகள் அமிலத்தோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். ஒரு தட்டில் ஹைட்ரஜனும் மற்றதில் ஆக்சிஜனும் துளித்துளியாக வெளியேறும், சல்பேட் படியும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்நாட்டுக் கையேடுகளில் போட்டிருக்கும் மாதக்கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது இதனால்தான். கார் நிறுத்துமிடத்தின் மொட்டைத் தளத்தில் வெயிலில் நிற்கும் காருக்கு இன்னும் மோசம். அண்ணன் நடுத்தளத்தில் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. தட்டுகளின் சட்டத்தில் ஆன்டிமனி கலந்த பழைய வகை பேட்டரிகள் வேகமாக இழக்கும். இப்போதைய கால்சியம் கலந்தவை மாதத்துக்குச் சில விழுக்காடுதான் இழக்கும்.

இன்னொரு உள்ளிழப்பையும் பார்த்துவிடலாம் என்று, மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்பரப்பில் அங்குமிங்கும் தொட்டுப் பார்த்தேன். பாசிட்டிவுக்குப் பக்கத்தில் 0.8 வோல்ட்! தூசியும் அமில ஈரமும் சேர்ந்து படிந்த மெல்லிய படலம், இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்சாரம் ஊர்ந்துபோக வழி போட்டிருக்கிறது. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம், இது காயவே காயாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடிகளை இறுக்கமாக வைத்துக்கொண்டு, நுரை அடங்கும்வரை துடைத்தேன். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, கடைசியில் உலர்ந்த துணி. மீட்டர் சுழிக்கு வந்தது. சோடாத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அமிலத்தைக் கெடுத்துவிடும்.

துடைத்த பேட்டரியை தரையில் வைத்ததைப் பார்த்த அண்ணன், "சிமெண்டுத் தரையில வைக்காதீங்க தம்பி, தரை இழுத்துடும்" என்று ஒரு மரப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரப்பெட்டியிலும் கெட்டி ரப்பரிலும் பேட்டரி செய்த காலத்தில் அதில் உண்மை இருந்தது. ஈரத்தரை வழியே கசிவு போகும். இன்றைய பாலிபுரொப்பிலின் பெட்டி வழியே எதுவும் போகாது. பலகையில் வைப்பதால் கெடுதலும் இல்லை என்பதால் அவர் மனம்போல வைத்துவிட்டேன். சில நாட்கள் தனியே கிடந்த பிறகு 12.52. இறங்கியது 0.03 வோல்ட்தான். இவ்வளவு அடிபட்ட பேட்டரியே தனியாக இருந்தால் தாங்குகிறது என்றால், ஒரு மாதத்தில் அதைக் காலி செய்தது காரேதான்.

பேட்டரியைக் காரில் மாட்டி அடுத்த சோதனை. அளக்கும்போது கதவுகள் பூட்டிய நிலையில் இருப்பதாகக் கார் நம்பவேண்டும். ஃபியூஸ் பெட்டியை எட்டுவதற்காக ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் ஆக்கினேன். பானெட் பூட்டுக்கும் அப்படியே. சாவியை அண்ணி கையில் கொடுத்து மின்தூக்கிப் பக்கம் போகச் சொன்னேன். சாவி பக்கத்தில் இருந்தால் காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும். மீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு கிளிப்பை நெகட்டிவ் முனையிலும் மற்றதை நெகட்டிவ் வயரிலும் கவ்வவிட்டு, அதன் பிறகே கிளாம்பை முனையிலிருந்து மெதுவாகத் தூக்கினேன். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு கணம்கூட அறுபடாது, கார் உறக்கம் கலையாது. மீட்டர் தொடரில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தாலோ ஹெட்லைட்டைப் போட்டாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் 3 ஆம்பியருக்குக் கிட்டத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் 1.2. கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு இந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு கிளம்புபவர்கள் இல்லாத கோளாறைத் தேடுவார்கள். கடைசியில் 0.28இல் நின்றது, அசையவில்லை. ஆரோக்கியமான கார் 0.02 முதல் 0.05க்குள் இருக்கவேண்டும்.

அண்ணனுடைய சந்தேகம் முழுக்க மின்னியல் சாலைக் கட்டணத்துக்காகப் புதிதாகப் பொருத்திய வாகனக் கருவி மேல். சந்தேகத்தை வைத்து ஃபியூஸைப் பிடுங்கினால் தூங்கிய கணினி விழிக்கும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். பிடுங்காமலே பார்க்க வழி உண்டு. தட்டை ஃபியூஸின் முதுகைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு ஓரத்திலும் ஊசிமுனை அளவுக்கு உலோகம் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொட்டால், மின்சாரம் ஓடாத ஃபியூஸில் சுழி காட்டும். ஓடினால் மிகச் சிறிய வோல்ட் தெரியும். கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். 0.0, 0.0, 0.0. ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸில் வந்தபோது கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட். அதன் மேல் இன்னொரு ஃபியூஸைச் சேர்த்து ஒட்டி, ஒரு வயர் கூரைத் துணிக்குள் ஏறிப் போனது. போய்ச் சேர்ந்த இடம் டேஷ்கேம்.

நிறுத்தியிருக்கும்போதும் படமெடுக்கும்படி அமைத்திருந்தார்கள். யாரோ பக்கவாட்டில் கீறிவிட்டுப் போனதிலிருந்து அண்ணனுக்கு அது அவசியமாகிவிட்டது, அதைக் குறைசொல்ல முடியாது. பேட்டரி 12.0 வோல்ட்டுக்கு இறங்கினால் கேமரா தானாக நின்றுவிடும் என்று பொருத்தியவர் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மை. அது போதாது என்பதுதான் சிக்கல்.

0.28 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 6.7 ஆம்பியர்-மணி. 12.0 வோல்ட் என்பது கால் பங்கு மிச்சம். 45இல் முக்கால்பங்கை, அதாவது 34 ஆம்பியர்-மணியைக் கரைக்க ஐந்தே நாள். அங்கே கேமரா சொன்னபடி நின்றிருக்கும். மிச்சம் இருப்பது 11. காரின் சொந்த உறக்கச் செலவு 30 மில்லி ஆம்பியர், நாளைக்கு 0.72, அடுத்த இரண்டு வாரத்தில் அதுவும் தீர்ந்தது. அதற்குப் பிறகு அண்ணன் திருச்சியில் இருந்த நாளெல்லாம் பேட்டரி காலியாகவே கிடந்து இறுகியிருக்கிறது. கேமரா மட்டும் இல்லையென்றால் அந்தக் கார் ஒரு மாதம் கழித்தும் கிளம்பியிருக்கும்.

வார இறுதி ஓட்டம் இதை ஈடுகட்டாது. ஈசூனிலிருந்து தேக்காவுக்கு அரை மணி நேரம். ஏற ஏற பேட்டரி வாங்கும் ஆம்பியர் குறைந்துகொண்டே போகும், கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். உறக்கச் செலவை வேண்டுமானால் அந்த ஓட்டம் சரிக்கட்டும், நாளுக்கு 6.7ஐ ஒருபோதும் முடியாது.

கேமராவைக் காரின் மின்சாரத்தோடு இணைக்கும் சிறிய பெட்டியின் பக்கத்தில், எந்த வோல்ட்டில் நிற்கவேண்டும் என்று வைக்கும் தள்ளுவிசை இருந்தது. அதை 12.4க்கு நகர்த்தினேன். இனி நிறுத்திய பிறகு இரண்டு நாளுக்கும் குறைவாகத்தான் கேமரா விழித்திருக்கும், ஆனால் அதனால் பேட்டரி முக்காலுக்குக் கீழே போகாது. வாரம் முழுக்கப் படமெடுத்தாக வேண்டுமென்றால் கேமராவுக்கென்றே தனி லித்தியம் பேட்டரி விற்கிறார்கள். கார் ஓடும்போது ஏறி, நிற்கும்போது கேமராவுக்குக் கொடுக்கும். விலை குறைவில்லை, எனினும் அண்ணனைப் போன்றவர்களுக்கு அதுதான் சரியான தீர்வு என்று நினைக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது நெகட்டிவைக் கழற்றிவிடவேண்டும். கழற்றிய கிளாம்பில் பழைய துணியைச் சுற்றி, முனையில் படாதபடி ஒதுக்கி வைத்தால் போதும். அப்போது ரிமோட் வேலை செய்யாது, திருட்டு மணியும் அடிக்காது. ரிமோட் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூடவேண்டும். பேட்டரி பின்பெட்டிக்குள் இருந்து, பெட்டி மின்விசையால் மட்டுமே திறக்கும் கார்களில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. திரும்பி வந்து திறக்க வழியிருக்காது. மறுபடி மாட்டியதும் கடிகாரத்தைச் சரிசெய்யவேண்டும். ஜன்னல் கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாவிட்டால், முழுதாக இறக்கி, முழுதாக ஏற்றி, விசையைச் சற்று நேரம் பிடித்திருந்தால் பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் பழையபடி வந்துவிடும்.

பழைய பேட்டரியையே மாட்டி, முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு அண்ணன் ஊருக்குப் போய் வந்ததும் மறுபடி அதே பல்ப் சோதனை. 20 ஆம்பியர்-மணிக்குக் கீழே இறங்கியிருந்தால் புதியது வாங்குவதென்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.